வார்ம் கிரே சுவர்: நிறத்தை இரவில் தேர்ந்தெடுங்கள்

காய்ந்த கரிசல் கட்டியை உடைத்தால் உள்ளே தெரியும் நிறத்தைக் கறுப்பு என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது. பெயின்ட் கடையில் ‘வார்ம் கிரே, கொஞ்சம் அடர்த்தியாக’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டும் அட்டைகள் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். டிவி இருக்கும் சுவருக்கும் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கும் மிகப் பொருத்தமான நிறம். தேக்குக் கதவையும் பித்தளை விளக்கையும் இவ்வளவு அழகாக எடுத்துக்காட்டும் பின்னணி வேறு இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அடித்து முடித்த பிறகு மனம் மாறுவதும் இந்த நிறத்தில்தான் அதிகம். சுவர் கத்தரிப்பூ நிறத்தில் தெரிகிறது என்பார்கள். பூச்சு வேலையோடு நிறுத்திவிட்ட சிமென்ட் சுவர் மாதிரி இருக்கிறது என்பார்கள். மழையில் ஊறிய சுவர் மாதிரி இருக்கிறது என்றும் சொல்வதுண்டு. பெரும்பாலும் பெயின்ட் மேல் குற்றம் இருக்காது. கடையின் வெளிச்சத்தில், இரண்டு விரல் அகல அட்டையை வைத்து, பகலில் முடிவெடுத்திருப்பார்கள். வேலைக்குப் போய்வருகிறவர்கள் உள்ள வீட்டில் ஹால் சுவரை நிதானமாகப் பார்ப்பதே மாலை ஆறரைக்கு மேல்தான். ஆகவே இந்த நிறம் முதலில் இரவில், அந்த வீட்டு விளக்கின் கீழ் தேற வேண்டும். பகல் சோதனை அதற்குப் பிறகு.

எவ்வளவு அடர்த்தி

அடர்த்தியை வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு அர்த்தம் வரும். எண்ணால் சொல்ல எல்ஆர்வி என்ற அளவு இருக்கிறது. சுவரில் விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அது. நல்ல வெள்ளைக்கு 80-க்கு மேல் இருக்கும். நாம் பேசும் நடுத்தர அடர்த்தியுள்ள கிரே சுமார் 15-இலிருந்து 30 வரை.

இதில் கண் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதியாகத் தெரிகிற சாம்பல் நிறம் பாதி ஒளியைத் திருப்பித் தருவதில்லை, சுமார் 18 சதவீதத்தைத்தான் தருகிறது. புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் கிரே கார்டு 18 சதவீதமாக இருப்பதன் காரணம் இதுவே. ‘பாதி அடர்த்திதானே’ என்று நினைத்து எடுக்கிற நிறம் அறையின் வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கை விழுங்கிவிடும்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்களுக்கு இது எளிது, அங்கே கம்பெனிகள் எல்ஆர்வி எண்ணை நிறத்தோடு சேர்த்தே வெளியிடுகின்றன. ஷெர்வின் வில்லியம்ஸின் ஒரே வரிசையில் வரும் 7017 டோரியன் கிரேக்கு 39, 7018 டவ்டெயிலுக்கு 26, 7019 கான்ட்லெட் கிரேக்கு 17. அட்டையில் மூன்றும் அடுத்தடுத்த படிகள்தான். சுவரில் முதலாவது வெளிர் நிறமாகவே நின்றுவிடும், மூன்றாவது அறையையே ஆளும். இங்கே கையில் கிடைக்கும் ஷேட் கார்டில் எண் இல்லாவிட்டால் கேமரா கடையில் 18 சதவீத கிரே கார்டு ஒன்றை வாங்கி, நிற அட்டையைப் பக்கத்தில் வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கும்போது நிறம் மங்கி அடர்த்தி மட்டும் நிற்கும். அந்த கார்டைவிட ஒரு படி வெளுப்பாக இருப்பது ஒற்றைச் சுவருக்குச் சரியாக வரும். நான்கு சுவருக்கும் அடிப்பதென்றால் இன்னும் ஒரு படி மேலே போங்கள். கார்டைவிட அடர்ந்ததை ஒற்றை ட்யூப்லைட் உள்ள அறைக்கு எடுக்காதீர்கள், இரவில் கறுப்பாகத்தான் தெரியும்.

அடியில் ஓடும் நிறம்

வார்ம் கிரே எல்லாமே ஒன்றல்ல. ஒன்றில் பச்சை ஓடும், களிமண் போல. ஒன்றில் ஊதாவும் சிவப்பும் ஓடும், எருமைத் தோல் போல. இன்னொன்று பழுப்பு சாயும், புழுதி படிந்த கருங்கல் மாதிரி. தனியாகப் பார்த்தால் எது எது என்று சொல்லவே முடியாது. நான்கைந்து அட்டைகளை ஒரு வெள்ளை ஏ4 தாளின் மேல் ஒட்டி ஒட்டி வையுங்கள், உடனே பிரிந்து தெரியும். அப்படியும் குழப்பமாக இருந்தால் ஷேட் கார்டில் அந்த நிறம் இருக்கும் பட்டையின் கடைசிக் கட்டத்தை, அதாவது மிக அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். மேலே ஒளிந்திருப்பது அங்கே வெளிப்படையாக இருக்கும்.

அடுத்து அட்டையைத் தரையில் வையுங்கள். சுவர் நிறத்தைச் சுவரில் வைத்துத்தானே பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் அறையில் மாற்ற முடியாத பெரிய நிறம் தரைதான். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராயப் போய், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் அதை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டார். 1839-இல் அதை ஒரு விதியாகவே வெளியிட்டார். ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறத்தைப் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏற்றுகிறது. சாம்பல் போலத் தனக்கென அழுத்தமான நிறம் இல்லாதது இதற்கு முதலில் பலியாகும்.

நம் வீடுகளில் இது எப்படித் தெரியும்? ஐவரி விட்ரிஃபைடு டைல்ஸில் மஞ்சள் இருக்கிறது. மஞ்சளின் எதிர்நிறம் ஊதாவும் நீலமும் சேர்ந்த பக்கம். ஊதா ஓடும் கிரேயை அதன் மேல் நிறுத்தினால் கத்தரிப்பூ நிறம் வருவது இதனால்தான். அந்தத் தரைக்குப் பச்சையோ பழுப்போ லேசாக ஓடுகிற கிரே நல்லது. சிவப்பு ஆக்சைடு போட்ட பழைய தரையிலும் சிவப்பு மிகுந்த ஆத்தங்குடிக் கற்களிலும் கதை தலைகீழ். சிவப்பு பச்சையை எழுப்பும், பச்சை ஓடும் கிரே அங்கே பாசி பிடித்தது போலாகும். அங்கே சிவப்பு சாயும் கிரேயே அமைதியாக இருக்கும். கடப்பாக் கல் தரை நீலக் கருமை உடையது, எந்த வார்ம் கிரேயையும் இன்னும் பழுப்பாகக் காட்டும். அங்கே நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் கிரே போதும். நிலையும் கதவும் தேக்கு வார்னிஷ் என்றால் அந்த ஆரஞ்சு, சுவரைக் கொஞ்சம் குளிர்ச்சியாகக் காட்டும். அதற்கு ஈடாக ஒரு இழை கூடுதலாகப் பழுப்பு சாய்ந்ததை எடுங்கள்.

விளக்கு, பிறகு ஜன்னல்

எல்இடி ட்யூப்லைட் பெட்டியில் ‘கே’ (கெல்வின்) என்று முடியும் எண் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும். 6500கே என்று போட்டிருந்தால் அது நீலம் சாய்ந்த வெள்ளை. அதன் கீழ் வார்ம் கிரேயின் பழுப்பு அடங்கி, சிமென்ட் தெரியும். 3000கே விளக்கில் அதே சுவர் காபிப்பொடி கலந்தது போலாகும். 4000கே இரண்டுக்கும் நடுவில், இந்த நிறத்துக்கு என் பரிந்துரை அதுதான். பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள், அந்த விளக்கில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதன் அளவு அது. 80 இருந்தால் ஒப்பேற்றலாம், 90 இருந்தால் கிரேயின் உள்ளே இருக்கும் மஞ்சளும் சிவப்பும் ஒழுங்காகத் தெரியும். பெயின்டை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது மலிவு, ஆகவே நிறத்தைச் சோதிக்கும் முன் விளக்கு எது என்று முடிவு செய்துவிடுங்கள். அடித்த பிறகு விளக்கை மாற்றினால் சுவரையே மாற்றியதாக ஆகும்.

அளவும் கூட வேண்டும். 14-க்கு 11 அடி அறை, வெளிர் சுவர், 2000 லூமன் ட்யூப்லைட் ஒன்று என்று ஓட்டிக்கொண்டிருந்தால், நான்கு சுவரும் இந்த கிரே ஆகும்போது அது போதாது. இரண்டாவது ட்யூப்லைட்டுக்கும், சுவரையே நனைக்கிற மாதிரி ஒரு சுவர் விளக்குக்கும் வயரிங்கை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மெல்லிய பூச்சு) போட்ட பிறகு சுவரைக் கொத்தினால் அந்த ஒட்டு எப்போதும் தெரியும்.

பகல் வெளிச்சத்தில் திசை முக்கியம். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் மாலை வெயில் கிரேயைத் தேன் நிறத்துக்கு இழுக்கும். அது அழகுதான், ஆனால் ஏற்கெனவே பழுப்பு அதிகமுள்ள நிறம் அப்போது துருப்பிடித்தது போல ஆகும். வடக்கு ஜன்னலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே போய்விடும். ஆகவே ஜூன் மாதம் சோதித்து ‘இதமாக இருக்கிறது’ என்று முடிவு செய்த வடக்கு அறை, டிசம்பரில் வெறும் வான வெளிச்சத்தில் நீலம் தட்டிப் போகும். வடக்கு அறைக்கு வெயில் காலத்தில் நிறம் பார்த்தால் ஒரு படி கூடுதல் வெதுவெதுப்பை எடுங்கள்.

சோதனைப் பலகை

சுவரில் நேராகச் சதுரம் சதுரமாக அடித்துப் பார்ப்பது வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. பழைய நிறம் சுற்றிலும் நின்று தீர்ப்பைக் கெடுக்கும். சதுரத்தின் விளிம்பு மேடாகக் காய்ந்து, பிறகு அடிக்கும் பெயின்டுக்கு அடியிலும் கோடாகத் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டோ கெட்டியான சார்ட் அட்டையோ எடுத்து, பிரைமர் ஒரு கோட், வாங்கிய பெயின்ட் இரண்டு கோட், ரோலராலேயே அடியுங்கள். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விடுங்கள். ஈரமாக இருக்கும்போது எமல்ஷன் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால்தான் அடர்த்தி ஏறும். ஆகவே ஒரு நாள் காயவிட்ட பிறகு பாருங்கள்.

பலகையின் கீழ் விளிம்பு தரையைத் தொட வேண்டும். இரவு எட்டு மணிக்கு விளக்கைப் போட்டு முதலில், பிறகு காலை ஏழு, மதியம் இரண்டு, மாலை ஐந்தரை. ஜன்னல் இருக்கும் சுவரிலும் அதன் எதிர்ச் சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். ஜன்னலுள்ள சுவர் எப்போதும் இருண்டு தெரியும், ஒரே பெயின்ட் என்று நம்பவே முடியாது. மெஷினில் கலக்கும் நிறம் பல கடைகளில் 1 லிட்டருக்குக் குறைந்து கிடைக்காது. பிடிக்காமல் போன லிட்டரை வீணாக்க வேண்டாம், கீழே பிரைமருக்கு அது உதவும்.

கலவையில் நடப்பது

மெஷினில் சாயம் சேர்க்கும் முன் டப்பாவில் இருக்கும் அடிப்படைப் பெயின்டைத்தான் பேஸ் என்பார்கள். இந்த அடர்த்தி வெள்ளை பேஸில் வராது. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு குறைவாக உள்ள நடுத்தர அல்லது டார்க் பேஸில்தான் வரும். வெள்ளை குறைந்தால் மறைக்கும் சக்தியும் குறையலாம், அதனால்தான் வெளிர் நிறத்துக்கு இரண்டு கோட்டில் முடிவது இதற்கு மூன்று கேட்கிறது. சாயம் அதிகம் ஏறியிருப்பதால் காய்வதும் மெதுவாகவே இருக்கும். இரண்டு கோட்டுக்குப் பேசிய கூலியில் மூன்றாவது கோட் வராது, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

‘மெஷின் எதுக்குங்க, வெள்ளையில ஸ்டெயினர் விட்டு நானே கொண்டாந்துடறேன்’ என்று பெயின்டர் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். வெள்ளையில் கறுப்பு ஸ்டெயினர் (கையால் கலக்கும் அடர்சாயம்) மட்டும் விட்டால் நீலம் கலந்த சாம்பல்தான் கிடைக்கும், வார்ம் கிரே கிடைக்காது. மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் அளந்து சேர வேண்டும். கைக்கணக்கில் ஒரு வாளிக்குச் சரியாக வருவது அடுத்த வாளிக்கு வராது. ஸ்டெயினர் அதிகமானால் படலமும் பலவீனமாகி, ஈரத் துணியால் துடைக்கும்போது துணியில் கறுப்பு ஏறும்.

ரசீதில் நிறத்தின் எண்ணோடு பேஸ் எது, எந்த ரகம், எத்தனை லிட்டர் என்பதும் இருக்க வேண்டும். ஒரே கம்பெனியின் விலை குறைந்த ரகத்தில் அதே எண்ணைக் கலந்தாலும் சுவரில் வித்தியாசம் வரலாம். வேறு கம்பெனியில் ‘அதே மாதிரி’ கலக்கச் சொல்வது இந்த நிறத்தில் வேண்டவே வேண்டாம். இரண்டும் கடையில் ஒன்றாகத் தெரிந்து, உங்கள் ட்யூப்லைட்டில் பிரிந்துவிடும். வேறு வேறு சாயங்களால் ஒரே நிறத்தை எட்டினால் ஒவ்வொரு விளக்கிலும் அவை வேறு விதமாகத்தான் நடந்துகொள்ளும்.

எவ்வளவு வாங்குவது? 14-க்கு 11 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 50 அடி, சுவர்ப் பரப்பு 500 சதுர அடி. இரண்டு கதவும் ஒரு ஜன்னலும் போக சுமார் 440. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு சுமார் 240 சதுர அடி வரும், மூன்று கோட் என்றால் 80 சதுர அடி. 440-ஐ 80-ஆல் வகுத்தால் 5.5 லிட்டர். 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் இரண்டு. மொத்தத்தையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பெரிய பக்கெட்டில் கொட்டிக் கலக்குங்கள். டப்பாவுக்கு டப்பா ஒரு துளி சாயம் கூடக்குறைய இருக்கும். வெளிர் மஞ்சளில் அது தெரியாது, இந்த நிறத்தில் சுவர் நடுவில் கோடாகத் தெரியும். அரை லிட்டரை முதலிலேயே தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள், பின்னால் டச்சப்புக்கு.

சுவரைத் தயார் செய்வது

வெளிர் நிறம் மேஸ்திரியின் குறையை மன்னிக்கும். அடர் கிரே மன்னிக்காது. முதலில் ஓதம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, பொங்கலுக்குள் அடித்துவிட வேண்டும் என்று டிசம்பர் கடைசியில் ஆரம்பிக்கும் வேலையில்தான் இந்த நிறம் அதிகம் கெடுகிறது. சுவர் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் 24 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ அந்த இடம் கறுத்திருந்தாலோ காத்திருங்கள். மழைச்சாரல் விழும் சுவர், பாத்ரூமை ஒட்டிய சுவர் இரண்டையும் கட்டாயம் சோதியுங்கள். ஓதம் ஏறினால் உப்பு பூக்கும். வெள்ளைச் சுவரில் கண்ணில் படாத அந்த வெள்ளைப் பொடி, கிரேயில் சோளப்பொரி சிதறியது போலத் தெரியும். உப்பு பூத்த இடத்தில் பட்டியும் பெயின்டும் மேலே போட்டு மூடுவதில் பயனில்லை. நீர் வரும் வழியை அடைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் துடைத்தெடுத்து, மறுபடி பூக்கிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். புதுப் பூச்சு என்றால் நீர் விட்டு முடித்த பிறகு குறைந்தது 28 நாள், முடிந்தால் இரண்டு மூன்று மாதம் காயட்டும்.

பட்டிக்கு வெள்ளை சிமென்ட் பட்டியே நம்பகமானது. கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர், கட்டியில்லாமல் குழைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் அந்த இடம் பிறகு மாவாக உதிரும். இரண்டு கோட், ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே, இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். புதுச் சுவருக்குக் கிலோவுக்கு 20 சதுர அடி என்று கணக்கிட்டால் நம் 440-க்கு 22 கிலோ. பழைய பெயின்ட் உறுதியாக இருக்கும் சுவரில் ஓட்டைகளும் விரிசல்களும் மட்டும்தான் வேலை, ஆனால் மெதுவாகத் தடவினால் கையில் மாவு ஒட்டும் டிஸ்டெம்பர் இருந்தால் முழுவதையும் சுரண்டியே ஆக வேண்டும்.

உப்புத்தாள் போட்டபின் செய்யும் சோதனைதான் இந்த வேலையிலேயே முக்கியமானது. இரவில் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பட்டி பிளேடின் கோடு, அலை, ஊசித்துளை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய இடத்தை 320 நம்பர் தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, அதன் பிறகு பிரைமர். தூசி மேல் அடித்த பிரைமர் பின்னால் டேப் உரிக்கும்போது பட்டியோடு சேர்ந்து வரும்.

பிரைமரை வெள்ளையாக விடாதீர்கள். தண்ணீரில் கரையும் உள்சுவர் பிரைமரில், பிடிக்காமல் போன அந்தச் சோதனை லிட்டரைக் கலந்து வெளிர் சாம்பலாக்குங்கள். அது இல்லாவிட்டால் லிட்டருக்கு 10 மில்லிக்கு மிகாமல் கறுப்பு ஸ்டெயினர் போதும், அடியில் போவதால் நீலம் தட்டினாலும் கவலையில்லை. சாம்பல் பிரைமர் மேல் முதல் கோட்டே பாதி மறைத்துவிடும், ரோலர் தவறவிட்ட இடம் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணைக் குத்தாது. பிரைமர் காய்ந்தபின் டார்ச்சை இன்னொரு முறை அடித்துப் பாருங்கள்.

பளபளப்பு எவ்வளவு என்பதையும் இங்கே முடிவு செய்ய வேண்டும். மேட் ஃபினிஷில் நிறம் ஆழமாக, கரிசல் போலவே தெரியும், பட்டியின் அலையும் மறையும். ஆனால் தோள் உரசும் இடம் சில மாதத்தில் மினுக்கத் தொடங்கும், நகம் பட்டால் வெள்ளைக் கீறல் விழும். மெல்லிய ஷீன் உள்ளது துடைக்க வசதி, சுவர் கண்ணாடி போல் சமமாக இருந்தால் மட்டும். டிவி சுவருக்கும் தலைமாட்டுக்கும் மேட், நடைக்கும் சாப்பாட்டு மேஜைப் பக்கத்துக்கும் மெல்லிய ஷீன். கிளாஸ் ரகம் இந்த அடர்த்தியில் எந்த இடத்துக்கும் வேண்டாம்.

அடிக்கும் நாள்

தண்ணீர் எவ்வளவு கலப்பது என்பது டப்பாவிலேயே இருக்கும், ரகத்துக்கு ரகம் மாறும். அளவுக் குவளை வைத்து அளந்து கலக்கச் சொல்லுங்கள். கண்ணளவில் விட்டால் காலையில் கலந்ததும் மதியம் கலந்ததும் சுவரில் இரண்டாகத் தெரியும். மூன்று கோட்டுக்கும் ஒரே விகிதம்.

இந்த நிறத்தில் அதிகம் வரும் கோளாறு படச்சட்டம் போட்டது போல ஓரம் இருண்டு தெரிவது. ஓரத்தைப் பிரஷ்ஷாலும் நடுவை ரோலராலும் அடிப்பதால் வருகிறது. பிரஷ் தடிப்பாகப் போடும், தேய்க்கும் வேகத்தில் கறுப்புச் சாயமும் வேறு விதமாகப் பரவும். நான்கு சுவரின் ஓரத்தையும் முதலில் முடித்துவிட்டு, மதியம் ரோலரை எடுத்தால் கண்டிப்பாக வரும். ஒரு சுவரின் ஓரம், உடனே அந்தச் சுவரின் நடு, ஓரம் ஈரமாக இருக்கும்போதே ரோலர் அதன் மேல் இரண்டு அங்குலம் ஏறி வர வேண்டும். மூலைக்கு நான்கு அங்குலச் சின்ன ரோலர் கொடுத்தால் இன்னும் நல்லது. சுவரின் ஒரு முனையிலிருந்து தொடங்கி மறு முனையில்தான் நிறுத்த வேண்டும், டீ குடிக்கப் போவது இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருக்கட்டும். ஃபேன் ஓடக் கூடாது. ஏப்ரல், மே வெக்கையில் ஃபேனும் ஓடினால் ஓரம் நடுவை எட்டுமுன்பே காய்ந்து, அடித்த பட்டைகள் அப்படியே வரிவரியாக நிற்கும். கடைசி இழுப்பு எல்லாம் மேலிருந்து கீழே, ஒரே திசையில்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அடர் நிறத்துக்கும் புழுக்கமான நாளுக்கும் இரவு முழுக்க விடுவதே சரி. அவசரப்பட்டால் மேல் கோட் அடி கோட்டைக் கரைத்து இழுக்கும், வழுக்கைத் திட்டு விழும். கடைசிக் கோட் முழுதாகக் காயும் முன் மாஸ்கிங் டேப்பை 45 டிகிரி மடக்கி உரியுங்கள். காய்ந்துவிட்டால் பிளேடால் ஓரத்தைக் கீறிய பிறகே தொட வேண்டும்.

சீலிங்குக்கு நீலம் கலந்த தூய வெள்ளை வேண்டாம், அதன் கீழ் சுவர் அழுக்காகத் தெரியும். ஒரு துளி மஞ்சள் கலந்த வெள்ளை எடுங்கள். பீமும் லாஃப்டின் அடிப்பக்கமும் சீலிங் நிறத்தோடு போகட்டும், கிரேயில் அடித்தால் அறையின் உயரம் ஒரு அடி இறங்கியது போலாகும். பழைய ஐவரி ஸ்விட்ச் பிளேட்டுகள் இந்தச் சுவரில் பழுத்த பல் மாதிரி நிற்கும், வெள்ளையோ கிரேயோ மாற்றிவிடுங்கள். வெளிச்சுவரில், குறிப்பாக மேற்கு முகத்தில், இந்த நிறம் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சி, இரவு வரை அந்தச் சூட்டை அறைக்குள் விடும்.

அடித்த பிறகு

தொட்டால் ஒட்டாது என்பதற்காகச் சுவர் முழுதாக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை ஈரத் துணி படக்கூடாது, பீரோவைச் சுவரோடு ஒட்டி நகர்த்தக் கூடாது. தலைமாட்டுச் சுவரில் தேங்காய் எண்ணெய்த் தலை சாய்ந்தால் கறுத்த வட்டம் விழும். மேட் பெயின்ட் எண்ணெயைக் குடித்துவிடும், அதன் மேல் அதே பெயின்டை அடித்தாலும் மேலே வந்துவிடும். முதல் நாளே ஒரு தலைமாட்டுப் பலகையோ துணி மெத்தையோ வைப்பது ஒன்றே வழி. சாமி விளக்கின் பின்சுவருக்கும் இதே பதில், அங்கே ஒரு கல் பலகையோ டைலோ பதித்துவிட்டு மீதியை அடியுங்கள். மற்ற அழுக்குக்குப் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கரைத்து, மெத்தென்ற ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் அழுக்கு போய் மினுமினுப்பு வரும், அதை அகற்ற முடியாது.

காலண்டருக்கு ஆணி அடித்தால் கிரேயைச் சுற்றி வெள்ளைப் பட்டி பெயர்ந்து தெரியும். ஆணி அடிக்கும் இடத்தில் முதலில் டேப் ஒட்டி, சின்ன டிரில்லால் துளை போட்டு, பிளக் வைத்து மாட்டுங்கள். அப்படியும் பெயர்ந்தால் பட்டி வைத்துத் தேய்த்து, அந்தப் பொட்டுக்குப் பிரைமர் தொட்டு, எடுத்து வைத்த அரை லிட்டரில் அதே விகிதத்தில் தண்ணீர் கலந்து, சின்ன ரோலரால் ஒற்றுங்கள். பிரஷ் வைத்தால் பொட்டு வேறாகத் தெரியும். ஷீன் உள்ள சுவரில் ரோலருக்கும் அது அடங்காது, அந்தச் சுவரை மட்டும் மூலைக்கு மூலை ஒரு கோட் போட வேண்டியிருக்கும். அரை லிட்டரை அகலமான பழைய டப்பாவில் வைக்காமல், வாய் நிறையும் அளவுள்ள சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் காற்று புகாமல் மூடி, மூடியின் மேல் நிற எண், பேஸ், ரகம், தேதி, எந்த அறை என்று மார்க்கரால் எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடி ஷெட்டில் வைத்தது அடுத்த கோடைக்குள் திரிந்துவிடும்.